ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பைக் சாவி

குறும்படம் எடுக்க ஒரு வீட்டுக்குள் நுழையும் மாணவர் குழுவில், ஒலிப்பதிவு படிப்பவர் முதலில் தேடிப் போவது சமையலறையை. ஃப்ரிட்ஜை அணைப்பார். தன் பைக் சாவியை எடுத்து உள்ளே, பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்துவார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது சாவிக்காக வந்துதானே ஆகவேண்டும். வந்தால் ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறக்க மாட்டார். பல நாடுகளிலும் ஒலிப்பதிவாளர்கள் கைக்கொள்கிற பழைய உத்தி இது.

அந்த ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்ததே குழுவில் மற்ற மூவருக்கும் தெரிந்திருக்காது. "எந்தச் சத்தம்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. இயக்கம் படிப்பவர் நடிகையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒளிப்பதிவு படிப்பவர் ஜன்னலைப் பார்க்கிறார். படத்தொகுப்பு படிப்பவரின் மனசு, போன ஷாட்டில் டம்ளர் மேஜையின் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் இருக்கிறது. புனேயில் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரியின் பட்டயப் படங்கள் இப்படித்தான் துறைக்கு ஒரு மாணவராகச் சேர்ந்து உருவாகின்றன. சென்னை தரமணியிலும் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் தனித்தனிப் படிப்புகள்தான். ஒரே அறையில் நிற்கும் நான்கு பேருக்கு நான்கு அறைகள் புலப்படுகின்றன என்றால் அலங்காரப் பேச்சு போலத் தோன்றும். புலன்களைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, அது பெருமளவு நேர்ப்பொருளிலேயே உண்மை என்று தெரிகிறது.

காதிலிருந்தே தொடங்கலாம். ஒரே சீராக வரும் எதையும் மூளை விரைவில் ஒதுக்கிவைத்துவிடும். தோளில் சட்டை படுவது காலையில் போட்ட சில நொடிகளில் மறந்துபோவதற்கும், மின்விசிறியின் இரைச்சல் அது நின்ற பிறகுதான் தெரிவதற்கும் இதுவே காரணம். போதாக்குறைக்கு, கவனம் வைத்த குரலைத் தவிர மற்றவற்றை மூளை தானாகவே பின்னுக்குத் தள்ளுகிறது. 1953இல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் ஒருவரின் இரண்டு காதுகளிலும் வெவ்வேறு பேச்சைக் கேட்கவிட்டு, ஒரு காதில் வருவதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் சொன்னார். மறுகாதில் என்ன பேசப்பட்டது என்று பின்னர் கேட்டால் யாராலும் சொல்ல முடியவில்லை. நடுவில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதுகூடப் பலருக்குத் தெரியவில்லை.

மைக்குக்கு இந்த வசதி கிடையாது. நடிகையின் குரலையும் ஃப்ரிட்ஜையும் தெருவில் போகும் ஆட்டோவையும் அது பாரபட்சமின்றிப் பதிவுசெய்யும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பல மாதங்கள் உட்கார்ந்த மாணவரின் காது, மைக் கேட்பதுபோலவே கேட்கப் பழகிவிடுகிறது. மூளை இயல்பாகத் தூக்கிப்போடுவதை இவர் வேண்டுமென்றே திரும்ப எடுத்துப் பார்க்கிறார். ஒரு வசனம் முடிந்து இயக்குநர் "ஓகே" சொன்னதும், "யாரும் அசையாதீங்க, ஒரு நிமிஷம்" என்று இவர் குரல் கேட்கும். எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க, யாரும் பேசாத அந்த அறையை முப்பது நொடியோ ஒரு நிமிடமோ பதிவுசெய்வார். ரூம் டோன் என்பார்கள். எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை; காற்று, சுவர், வெளித்தெரு எல்லாம் கலந்த ஒரு மெல்லிய இரைச்சல் ஒவ்வொன்றுக்கும் தனியாக உண்டு. இரண்டு வசனங்களுக்கு நடுவே அதை வெட்டிவிட்டு வெறும் சூன்யத்தை வைத்தால், பார்வையாளருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ அறுந்ததுபோல உறுத்தும். அந்த இடைவெளிகளை நிரப்பத்தான் இந்த ஒரு நிமிடம். சாப்பாட்டுக்குத் தாமதமாகிறதே என்று மற்றவர்கள் கால்மாற்றி நிற்கும் ஒரு நிமிடம் அது.

ஃப்ரிட்ஜ் ஏன் இவ்வளவு பெரிய எதிரி? சத்தம் காரணமில்லை, அது விட்டுவிட்டு வருவதுதான் காரணம். கம்ப்ரஸர் சிறிது நேரம் ஓடும், பிறகு நிற்கும். இரண்டாவது டேக்கில் ஓடியது நான்காவது டேக்கில் நின்றிருக்கும். படத்தொகுப்பாளர் ஒரு வாக்கியத்தின் முன்பாதியை இரண்டாவது டேக்கிலிருந்தும் பின்பாதியை நான்காவதிலிருந்தும் எடுத்து ஒட்டினால், வாக்கியத்தின் நடுவில் சமையலறை திடீரென்று அணைந்துபோகும். ஆக, படப்பிடிப்புத் தளத்தில் ஒலி மாணவர் பிடிக்கும் அடம், மூன்று வாரம் கழித்து எடிட்டிங் அறையில் உட்காரப்போகும் நண்பரின் சுதந்திரத்துக்காக. இது அந்த நண்பருக்குத் தெரிந்திருந்தால், ஃப்ரிட்ஜை அணைக்க அவரே முதல் ஆளாக ஓடியிருப்பார்.

பயிற்சி நம் புலன்களை மாற்றுகிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று நடனத்திலிருந்து வருகிறது. 2005இல் லண்டனில் பியாட்ரிஸ் கால்வோ-மெரினோவும் சக ஆய்வாளர்களும் பாலே கலைஞர்களையும், பிரேசிலின் கபோயராக் கலைஞர்களையும், நடனமே பயிலாதவர்களையும் மூளை ஸ்கேனில் படுக்கவைத்து, இரண்டு வகை ஆட்டங்களின் காணொளிகளையும் காட்டினார்கள். பாலே பயின்றவர் பாலேயைப் பார்க்கும்போது, அசைவுகளைத் திட்டமிடுவதோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. கபோயராவைப் பார்க்கும்போது அந்த அளவுக்கு இல்லை. கபோயராக்காரருக்கு நேர்மாறு. பயிலாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே. படுத்திருந்தவர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை, ஆனால் அவர் உடம்பு கற்ற வித்தை பார்வைக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தது. ஓஸ்லோவில் நடந்து 2007இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு கண்ணின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்தது. ஒரு படத்தைக் கொடுத்தால், ஓவியம் பயிலாதவர்களின் கண் மனிதர்களையும் பொருள்களையும் நாடிப் போகிறது. ஓவியம் பயின்றவர்களின் கண்ணோ, நமக்கு வெற்றிடமாகத் தெரியும் பகுதிகளிலும் அமைப்பையும் வண்ணத்தையும் தேடி அலைகிறது.

ஒளிப்பதிவு மாணவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பது இதனால்தான். மாலை நேரத்து வீட்டுக்குள் நமக்கு வெள்ளைச் சுவர் வெள்ளையாகத்தான் தெரியும். ஒளியின் நிறம் மாறினாலும் பொருளின் நிறம் மாறாததுபோலக் காட்ட மூளை ஓயாமல் திருத்தம் செய்துகொண்டிருக்கிறது. கேமரா சென்சார் அப்படி எதையும் தானாகச் செய்யாது. எந்த வெளிச்சத்தை வெள்ளை என்று கொள்வது என அதற்கு நாம் சொல்லவேண்டும். பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின், டங்ஸ்டன் விளக்கு 3200 கெல்வின். ஒன்றை வெள்ளை என்று சொன்னால் மற்றது நீலமாகவோ ஆரஞ்சாகவோ போய்விடும். டியூப் லைட் இருந்தால் முகத்தில் லேசான பச்சை வேறு ஏறலாம். மூளை செய்யும் அந்தத் திருத்தத்தை விலக்கிவிட்டுச் சுவரைப் பார்க்கக் கற்றவர் இவர். "இந்தச் சுவர் பாதி நீலம், பாதி மஞ்சள்" என்று இவர் சொல்லும்போது பக்கத்திலிருப்பவருக்கு வெள்ளைச் சுவர் மட்டுமே தெரிகிறது.

இங்கேதான் எனக்கு வியப்பு கூடுகிறது. தளத்தில் அதிகம் மோதிக்கொள்ளும் இருவர், கேமராக்காரரும் சவுண்ட்காரரும், ஒரே இயற்பியல் விதியோடு மல்லுக்கட்டுகிறார்கள். சிறிய விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்றால், முகத்தில் விழும் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும். கேமராக்காரர் அதை இரண்டு ஸ்டாப் குறைந்தது என்று கணக்கிடுவார். வாயிலிருந்து மைக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளினாலும் நேராக வரும் குரலின் வலு அதேபோலக் கால்வாசியாகும். சவுண்ட்காரருக்கு அது 6 டெசிபல். குரல் குறைகிறதே தவிர, சுவரில் பட்டு எதிரொலித்து அறை முழுக்க நிறைந்திருக்கும் ஒலி அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால் தூரத்து மைக்கில் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதாகப் படும். பிறகு அளவைக் கூட்டினாலும் கிணறும் சேர்ந்தே கூடும். "பூம் மைக்கை இன்னும் கொஞ்சம் இறக்கணும்" என்று ஒருவர் கெஞ்சுவதும், "ஃபிரேமுக்குள்ள வருது, நிழல் விழுது" என்று மற்றவர் விரட்டுவதும் இந்த விதியின் இரண்டு முனைகள். விளக்கை முகத்துக்கு அருகில் கொண்டுவர ஒளிப்பதிவு மாணவர் படும் பாடு எதுவோ, மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவர ஒலி மாணவர் படுவதும் அதுவே. இதை இருவருக்கும் முதல் வருடத்திலேயே யாராவது ஒரே கரும்பலகையில் எழுதிக் காட்டினால் எவ்வளவோ சண்டை மிச்சமாகும்.

உடை, அரங்கப் பொருள்களைக் கவனிக்கும் மாணவி ஒருவர் குழுவில் இருக்கிறார் என்று வையுங்கள். கதையில் வரும் டீச்சர் அம்மாவுக்காகக் கடை கடையாக ஏறி, சின்னச்சின்னக் கட்டம் போட்ட காட்டன் சேலை ஒன்றைக் கண்டுபிடித்து, கஞ்சி போட்டு, மொடமொடவென்று இஸ்திரி செய்து கொண்டுவருகிறார். அந்தப் பாத்திரத்துக்கு அதைவிடப் பொருத்தமான சேலை கிடையாது. கேமராவில் பார்த்தவர் முகம் சுளிக்கிறார். சென்சார் என்பது லட்சக்கணக்கான புள்ளிகள் வரிசையாக அடுக்கிய ஒரு வலை. சேலையின் நெருக்கமான கோடுகள் அந்த வலையின் அளவை நெருங்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று மோதி, சேலையில் இல்லவே இல்லாத வளைகோடுகள் திரையில் நெளியும். நடிகை அசைய அசைய அவையும் ஊரும். இதற்கு மோய்ரே என்று பெயர். கேமராவைச் சற்று முன்னால் நகர்த்தினாலோ லென்ஸை மாற்றினாலோ போய்விடவும் கூடும். சவுண்ட்காரருக்கு வேறு கவலை: ரவிக்கைக்குள் மறைத்துவைத்த சின்ன மைக்கின்மேல் கஞ்சித் துணி உரசும் ஒவ்வொரு தடவையும் காய்ந்த இலையை மிதித்த சத்தம். எடிட்டருக்கோ அந்த விறைப்பு தலைவலி. ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் மடிப்பு மாறி நிற்கும், அடுத்த டேக்கோடு பொருந்தாது. மூன்று பேரும் ஆளுக்கொன்று சொல்ல, மாணவியின் காதில் விழுவது ஒன்றுதான்: சேலை பிடிக்கவில்லை. அவர் ரசனையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மனத்தாங்கலில்தான் குழு வேலைகள் அதிகம் உடைகின்றன. காரணத்தை விளக்கினால் அவரே வழி சொல்லுவார். கஞ்சியைக் குறைக்கலாம், மைக் உரசும் இடத்தில் மெல்லிய துணி வைக்கலாம், கட்டம் கொஞ்சம் பெரிதான சேலையைத் தேடலாம். துணியைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.

காலத்தையும் இவர்கள் ஒரே மாதிரி உணர்வதில்லை. திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம். படத்தொகுப்பு மாணவருக்கு ஒரு ஃபிரேம்தான் மிகச் சிறிய அலகு, 42 மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவு. ஒலியோ நொடிக்கு 48,000 தடவை அளந்து பதிவாகிறது. கணக்குப் போட்டால் ஒரு ஃபிரேமுக்குள் 2,000 அளவுகள். ஒருவருக்கு அதற்குக் கீழே பிளக்க முடியாத துணுக்கு, மற்றவருக்கு உள்ளே நடமாடும் அளவுக்கு விசாலம். ஒரு மெய்யெழுத்தின் வெடிப்பு முழுவதும் அதற்குள் நடந்து முடிந்துவிடலாம். அந்த ஒரு ஃபிரேம் நேரத்தில் ஒலி காற்றில் சுமார் 14 மீட்டர் போகும். அதாவது 14 மீட்டர் தள்ளி நின்று கைதட்டுபவரின் சத்தம் நம்மை ஒரு ஃபிரேம் தாமதமாகத்தான் வந்தடைகிறது, நாம் ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை.

கவனிக்காததில் ஒரு நுட்பம் இருக்கிறது. உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடையில் எவ்வளவு பிசகினால் மனிதர்களுக்குத் தெரியும் என்று தொலைக்காட்சிக்காக அளந்திருக்கிறார்கள். குரல் முந்திவிட்டால் சுமார் 45 மில்லிநொடியிலேயே கண்டுபிடித்துவிடுகிறோம். பிந்தினால் சுமார் 125 மில்லிநொடி வரை பொறுத்துக்கொள்கிறோம். ஃபிரேம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுக்கு மூன்று. இயற்கையில் ஒளிக்குப் பின்னால்தான் ஒலி வரும். மின்னலுக்கு முன்னால் இடி கேட்டவர் யாருமில்லை. பிந்தி வரும் ஒலியை மூளை மன்னித்துப் பழகியது, முந்தி வருவது அதற்குப் புதிது. "ரெண்டு ஃபிரேம் தள்ளிப் போடு, பரவாயில்லை, முன்னால போடாதே" என்று எடிட்டிங் அறையில் அனுபவசாலிகள் கைப்பழக்கமாகச் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

இந்த இரண்டு காலங்களையும் தைப்பது ஒரு மரப்பலகை. கிளாப் போர்டில் எழுதியிருக்கும் காட்சி எண், ஷாட் எண், டேக் எண் எடிட்டருக்கு. கட்டை கட்டையோடு சேரும் அந்த ஒரு ஃபிரேமும், ஒலி அலையில் ஊசிபோல எழும் அந்த உச்சியும் ஒரே கணம். அவற்றை நேராக வைத்தால் முழு ஷாட்டும் பொருந்திவிடும். சூசன் லீ ஸ்டாரும் ஜேம்ஸ் கிரீஸ்மரும் 1989இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரை இத்தகைய பொருள்களைப் பற்றியது. அவர்கள் ஆராய்ந்தது பெர்க்லியில் உள்ள முதுகெலும்புயிர் அருங்காட்சியகத்தின் தொடக்க வரலாறு. விஞ்ஞானிகள், இயற்கை ஆர்வலர்கள், கண்ணி வைத்து விலங்கு பிடிப்பவர்கள் என்று ஒருவரையொருவர் முழுக்கப் புரிந்துகொள்ளாத பலர் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். எப்படி முடிந்தது? விலங்கின் பதப்படுத்திய உடல், அதோடு நிரப்பித் தரவேண்டிய படிவம், கலிபோர்னியாவின் வரைபடம் ஆகியவை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பயன் தந்தன, ஆனால் எல்லோர் கையிலும் அதே பொருளாக இருந்தன. எல்லோரும் ஒரே கருத்துக்கு வந்த பிறகுதான் வேலை நடக்கும் என்ற கட்டாயம் இல்லை என்று அவர்கள் காட்டினார்கள். மாணவர் குழுக்களுக்கு இது பெரிய ஆறுதல். திரைக்கதைப் பிரதியும் ஷாட் பட்டியலும் கிளாப் போர்டின் உறவுகளே.

படத்தொகுப்பு மாணவரைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர் வேலை கண்ணுக்குத் தெரிவதே குறைவு. ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன், உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் வால்டர் மர்ச் என்ற படத்தொகுப்பாளர், ஒரு நினைப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மனிதர்கள் கண் சிமிட்டுகிறார்கள், நல்ல வெட்டு விழும் இடமும் அதுதான் என்று எழுதினார். எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து கண்டறிந்த எண்ணம் அது. 2009இல் ஜப்பானில் தமாமி நகானோவின் குழு, மிஸ்டர் பீன் காட்சிகளைப் பார்ப்பவர்களின் கண் சிமிட்டல்களைக் கணக்கெடுத்தது. வெவ்வேறு ஆட்கள், ஆனால் ஒரு செயல் முடியும் இடங்களில் அவர்கள் சிமிட்டல் ஒத்துப்போனது. மர்ச் நினைத்ததற்கு இது பக்கத்தில் வருகிறது. "இங்கே நாலு ஃபிரேம் அதிகம்" என்று எடிட்டர் சொல்லும்போது இயக்குநருக்கு விளங்காமல் போகலாம்; எடிட்டர் பார்வையாளரின் இமையோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

கூர்மைக்கு ஒரு விலையும் உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் சொன்னார்கள். படங்களுக்குள் ஒரு கொரில்லா உருவத்தை ஒளித்துவைத்திருந்தார்கள், சாதாரணக் கட்டியைவிட 48 மடங்கு பெரிதாக. 20 பேர் அதைப் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே கண் பதிந்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. தேடுவதில் தேர்ந்தவர் தேடாததைத் தவறவிடுகிறார். குழுவில் நான்கு துறை இருப்பதன் முதல் பயன் இதுவென்று நான் நினைக்கிறேன். நால்வரின் கண்ணுக்கும் தப்பும் கொரில்லாக்கள் குறைவு.

ஆனால் தான் பார்ப்பதை அடுத்தவருக்குச் சொல்லத் தெரியவேண்டும். அங்கேதான் பெரிய பள்ளம். 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் செய்த சோதனையில், எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தை மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார்கள். கேட்பவர்களில் பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாடல்களில் கண்டுபிடித்தது 3. தட்டுபவர் மனசுக்குள் மெட்டும் சொற்களும் ஓடுகின்றன; எதிரே இருப்பவருக்கு வெறும் டொக் டொக். "லைட்டிங் தட்டையா இருக்கு", "ஒலி மெலிசா இருக்கு" என்று துறை மாணவர் சொல்வது அப்படிப்பட்ட தட்டல். அவருக்குள் முழுப் பாட்டும் கேட்கிறது.

இதைக் கடக்க அடுத்தவர் துறையில் பட்டம் வாங்கவேண்டும் என்பதில்லை. 'வீடு' படத்தின் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் மூன்றையும் ஒரு கையில் வைத்திருந்த பாலுமகேந்திராவைப் போன்றவர்கள் அபூர்வம். இசைக்கு அவருக்கும் இளையராஜா வேண்டியிருந்தது. ஹாரி காலின்ஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளரின் அனுபவம் நமக்கு இன்னும் உதவும். ஈர்ப்பலைகளைத் தேடும் இயற்பியலாளர்களோடு பல ஆண்டுகள் பழகி, அவர்கள் பேச்சைக் கேட்டு, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர். அந்தத் துறையில் ஒரு கருவியைக்கூட அவர் கட்டியதில்லை. 2006இல் ஒரு சோதனை வைத்தார்கள். துறை சார்ந்த கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்களையும் ஓர் உண்மையான ஈர்ப்பலை விஞ்ஞானியின் பதில்களையும் பெயரில்லாமல் ஒன்பது வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். ஏழு பேரால் பிரித்தறிய முடியவில்லை. மற்ற இருவரும் காலின்ஸைத்தான் விஞ்ஞானி என்றார்கள். கை செய்யாத வேலையையும் உள்ளிருந்து புரிந்துகொள்ளலாம், பேச்சின் வழியாக, போதுமான நாள் கேட்டால்.

கேட்க வேண்டிய கேள்விகளும் சாதாரணமானவைதான். இந்த அறையில் உனக்கு என்ன தொந்தரவு? எதைப் பின்னால் சரிசெய்யலாம், எது இன்றைக்குப் போனால் போனதுதான்? இரண்டாவது கேள்வியை நான் முக்கியமாக நினைக்கிறேன். முகத்தின் பச்சை நிறத்தைப் பிறகு ஓரளவு போக்கலாம். கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரலை மீட்பது மிகக் கடினம். டப்பிங் தியேட்டரில் நடிகையைத் திரும்ப அழைத்து நிறுத்தவேண்டியிருக்கும். ஜன்னல் வெயில் மணிக்கு மணி நகரும், யாருக்கும் காத்திருக்காது. எது திரும்பாதது என்று நால்வருக்கும் தெரிந்த நாளில், யார் விட்டுக்கொடுப்பது என்ற பேச்சு பாதியாகக் குறையும்.

அதற்கு ஏற்ற நாள் படப்பிடிப்பு நாள் இல்லை, லொகேஷன் பார்க்கப் போகும் நாள். இயக்குநரும் கேமராக்காரரும் மட்டும் போய் அறையை முடிவுசெய்துவிட்டு வருவது வழக்கம். நால்வரும் சேர்ந்து போகட்டும், அதுவும் படம் எடுக்கப்போகும் அதே மணிக்கு. காலை பத்து மணிக்குப் பார்த்த அமைதியான வீட்டுக்குப் பின்னால் மாலை நான்குக்குப் பள்ளிக்கூடம் விடும். கேமராக்காரருக்குப் பிடித்த மேற்கு ஜன்னல் வெயிலும் அந்த நான்கு மணிக்குத்தான் வரும். அன்றைக்கே இருவரும் அந்த ஜன்னலடியில் நின்று பேசினால், வசனமில்லாத ஷாட்களை நான்கு மணிக்கும் வசனத்தைப் பள்ளி அடங்கிய ஆறு மணிக்கும் வைத்துக்கொள்ள வழி பிறக்கும். ஆறு மணிக்கு வெளியே வெயில் இருக்காதே என்று எடிட்டர் உடனே கேட்பார். ஜன்னலுக்கு வெளியே ஒரு விளக்கை வைத்து நான்கு மணி வெயிலை உண்டாக்க முடியுமா என்று கேமராக்காரர் அங்கேயே தூரத்தை அளக்கத் தொடங்குவார்.